அவிலுக்கும் அடங்காத வீக்கம்: பரம்பரை ஆஞ்சியோஎடிமாவுக்குச் சிகிச்சை ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 29. பத்தாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கை, முகம், உதடு என்று எங்காவது வீங்கிவிடும். சில சமயம் தாங்க முடியாத வயிற்றுவலி. இத்தனை வருடமும் அலர்ஜி என்றுதான் ஊசி போட்டார்கள். இப்போது ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, இது பரம்பரையாக வரும் ஆஞ்சியோஎடிமா என்று சொல்லி டானசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நோயின் பெயர் தெரிந்த பிறகும் சிகிச்சை ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது? அக்காவுக்கு 4 வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

பதில்: உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 29 வயதும் பத்தாம் வகுப்பும்தான். ஏறக்குறைய 14 வருடம். அத்தனை காலமும் உங்கள் அக்கா தனக்கு உதவாத ஊசியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். படிக்க வருத்தமாக இருந்தது. வசதியான நாடுகளிலேயே முதல் வீக்கத்துக்கும் சரியான நோய்ப் பெயருக்கும் நடுவில் எட்டு, பத்து வருடம் ஓடிப்போவது இந்த நோயில் சர்வசாதாரணம்.

நான் பொது மருத்துவர். இந்த நோய் உள்ள சில குடும்பங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இதற்கு மருந்தே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பழைய கதை. நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் வீக்கம் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் அந்த மருந்து நோயாளியின் உடம்புக்குள் போயாக வேண்டும். அப்படிப் போய்ச் சேராமல் தடுக்கிற விஷயங்கள் ஏராளம். நீங்கள் கேட்கும் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அலர்ஜி ஊசி ஏன் கேட்பதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாதாரண அலர்ஜியில் உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறது. அரிப்பு, தடிப்பு, வீக்கம் எல்லாம் அதன் வேலை. அவில் என்ற அலர்ஜி ஊசி ஹிஸ்டமினைத் தடுக்கிறது, ஸ்டீராய்டு அழற்சியைக் குறைக்கிறது, அதனால் வீக்கம் வடிகிறது. உங்கள் அக்காவின் உடம்பில் நடப்பது வேறு. நம் எல்லோருடைய ரத்தத்திலும் சி1 இன்ஹிபிட்டர் என்று ஒரு புரதம் இருக்கிறது. கல்லீரல்தான் அதைப் பெருமளவில் தயாரிக்கிறது. ஏரி மதகைக் காக்கிற ஆள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பிழை இருந்தால் இந்தப் புரதம் போதிய அளவு உருவாகாது, அல்லது உருவாகியும் வேலை செய்யாது. காவல் இல்லாத நேரத்தில் கல்லிக்ரீன் என்ற நொதி கட்டுமீறிப் போய் பிராடிகைனின் என்ற பொருளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிராடிகைனின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடும். உள்ளே ஓட வேண்டிய நீர் வெளியே கசிந்து தோலுக்கடியிலோ குடல் சுவரிலோ தொண்டையிலோ தேங்கும். இந்தச் சங்கிலியில் ஹிஸ்டமினுக்கு இடமே இல்லை. அப்புறம் அவில் போட்டால் என்ன கேட்கும்?

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சில வீக்கங்கள் அவில் போட்டால் அடங்குவது போலத் தோன்றும். இந்த வீக்கம் 12 முதல் 24 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஏறும். அப்புறம் இரண்டு மூன்று நாளில், சில சமயம் ஐந்து நாள் வரை எடுத்துக்கொண்டு, தானாகவே வடிந்துவிடும். இரண்டாம் நாள் ஊசி போட்டு மூன்றாம் நாள் வடிந்தால் ஊசிதான் குறைத்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். டாக்டரும் நினைப்பார். அடுத்த தடவை அதே ஊசி. இப்படித்தான் 14 வருடம் கரைந்திருக்கும்.

நான் இந்த நோயை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்த இரவை இன்னும் மறக்கவில்லை. கேஷுவாலிட்டியில் இரவுப் பணி. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், அன்று காலை பல் பிடுங்கியவன், உதடும் கன்னமும் வீங்கி வந்தான். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. அரிப்பு இல்லவே இல்லை என்றான். நான் அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. அவில், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு இரண்டும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல். அட்ரினலின் போட்டேன். அசையவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். படுக்கச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்தான். அப்போதுதான் அவனுடைய அம்மா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இவங்க அப்பாவும் இப்படித்தான் தொண்டை வீங்கிப் போனாரு. இவனுக்கு அப்ப மூணு வயசு."

அந்த ஒரு வாக்கியம்தான் அவனைக் காப்பாற்றியது. மயக்க மருந்து நிபுணரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் எழுப்பி வரவைத்தோம். சி1 இன்ஹிபிட்டர் மருந்து அந்த ஊரில் எங்கேயும் கிடையாது. ரத்த வங்கியில் உறைந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, இருந்தது. சி1 இன்ஹிபிட்டர் அதிலும் இருக்கிறது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஏற்றிவிட முடியாது. கட்டியாக உறைந்திருக்கும் பையை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போட்டு உருக்க வேண்டும், அதற்கே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் கழுத்தில் துளை போடும் கருவிகளை விரித்து வைத்துக்கொண்டு அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிளாஸ்மா ஏறிச் சில மணி நேரத்தில் குரல் தெளிந்தது. பையன் இன்று நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். நான் செய்த தவறு என்ன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, அட்ரினலினுக்கு அசையவில்லை, காலையில் பல் பிடுங்கியிருக்கிறது. நான்கு அடையாளமும் கண்முன்னே இருந்தன. "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வருமா" என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அலர்ஜியா இந்த நோயா என்று தெரியாத நிலையில் மூச்சு முட்டுகிறவருக்கு அட்ரினலின் போடுவது சரிதான். கடும் அலர்ஜியாக இருந்தால் அதுதான் உயிரைக் காக்கும். போட்டும் கேட்கவில்லை என்றால் அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1888-லேயே ஃபிலடெல்ஃபியாவில் இருந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இந்த வீக்கம் வருவதை எழுதி வைத்தார். எந்தப் புரதம் குறைகிறது என்று டொனால்ட்சனும் எவன்ஸும் கண்டுபிடிக்க 1963 ஆனது. அந்தப் புரதமே மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 50 ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்பதால் ஒரு டாக்டர் வாழ்நாள் முழுக்க ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். பரீட்சைக்குப் படித்த ஒரு வரியாகத்தான் பலருக்கு இது ஞாபகம் இருக்கும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் கொன்ராட் போர்க் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 182 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். தொண்டை வீங்கி மூச்சடைத்து இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் 63 பேருக்கு நோய் இன்னதென்றே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. நோய் தெரிந்திருந்தவர்கள் 7 பேர்தான். உங்கள் அக்கா இப்போது எந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நோயின் பெயர் தெரிந்த பிறகும் ஏன் சிக்கல் என்று கேட்டீர்களே, பெயர் தெரிந்ததன் பயன் இதுதான்.

சரி, கண்டுபிடிப்பதில் உள்ள கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்யும்போது உதவும். முதல் சல்லடை, சி4 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. பெரிய லேப்களில் எல்லாம் செய்வார்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வீக்கம் இல்லாத நாளிலும் சி4 குறைந்தே இருக்கும். அடுத்தது சி1 இன்ஹிபிட்டரின் அளவு. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு அளவு சரியாகவே இருக்கும், கூடுதலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் புரதம் வேலை செய்யாது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சடித்து வந்துவிடும். அதனால் மூன்றாவதாக அதன் செயல்திறனையும் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையை எல்லா ஊரிலும் செய்வதில்லை. நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, உடனே பிளாஸ்மாவைப் பிரித்து, உறைநிலையிலேயே பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். வழியில் வெயிலில் கிடந்தால் புரதம் கெட்டு, நோய் இல்லாதவருக்கும் குறைவாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. இவை எல்லாம் சரியாக இருந்தும் வீக்கம் வருகிற இன்னொரு அரிய வகையும் உண்டு. அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி, அதிலும் எல்லோருக்கும் விடை கிடைப்பதில்லை.

வயிற்றுவலியைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் நோயாளிகளை அதிகம் வாட்டுவது அதுதான். கையோ முகமோ வீங்கினால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். குடல் சுவர் வீங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. வாந்தி, உருண்டு புரள வைக்கும் வலி, வயிற்றுக்குள் நீர் கசிவதால் சிலருக்கு ரத்த அழுத்தம்கூட இறங்கிவிடும். பார்ப்பதற்கு அப்படியே அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கும். ஆபரேஷன் செய்து பார்த்தால் அப்பெண்டிக்ஸில் ஒன்றுமே இருக்காது. இப்படிக் காரணமில்லாமல் வயிற்றைக் கிழித்துக்கொண்டவர்கள் இந்த நோயில் நிறைய. அதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒருநாள் உண்மையாகவே அப்பெண்டிக்ஸ் வந்தால் 'வழக்கமான வலிதான்' என்று விட்டுவிடுவார்கள். காய்ச்சல் இருந்தாலோ, வலி வழக்கத்துக்கு மாறாக ஒரே இடத்தில் நின்றாலோ ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். வீக்கம் வந்த நேரத்தில் கொடுப்பது ஒரு வகை, வராமல் தடுக்கத் தொடர்ந்து கொடுப்பது இன்னொரு வகை.

வந்த நேரத்துக்கான மருந்துகளில் நேரடியானது, குறைகிற புரதத்தையே ஏற்றுவது. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சி1 இன்ஹிபிட்டரை நரம்பில் செலுத்துவார்கள். மரபணு மாற்றிய முயல்களின் பாலிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. இரண்டாவது ஐகாட்டிபான்ட். பிராடிகைனின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை இது அடைத்துவிடும். 30 மில்லிகிராம் நிரப்பிய சிரிஞ்ச், இன்சுலின் போல வயிற்றுத் தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்ளலாம். போட்ட இடம் எரிந்து சிவக்கும், அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் செபெட்ரல்ஸ்டாட் என்ற மாத்திரைக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. வீக்கம் தொடங்கியதும் வாயில் போட்டு விழுங்குகிற முதல் மருந்து இது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது உதடு தடிக்க ஆரம்பித்தால் அங்கேயே விழுங்கலாம் என்பது இந்த நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது.

இவை எல்லாமே சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே கசிந்துவிட்ட நீரை எந்த மருந்தும் உடனே திரும்ப உறிஞ்சாது, மேற்கொண்டு கசிவதைத்தான் நிறுத்தும். அதனால்தான் சர்வதேச வழிகாட்டு நெறிகள், இரண்டு தாக்குதலுக்கு, அதாவது இரண்டு முறை வீக்கம் வந்தால், போதுமான மருந்தை நோயாளி எப்போதும் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. எழுதுவது எளிது. நம் ஊரில் பல குடும்பங்களுக்கு ஒரு சிரிஞ்ச் விலையே மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். வாங்கினாலும் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஐகாட்டிபான்டை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. ஐரோப்பாவில் கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். சித்திரை வெயிலில் நம் ஊரில் போட முடியுமா? வீட்டில் ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் வீண். வெளியே போகும்போது இன்சுலினுக்கு விற்கிற குளிர்ப்பையில் எடுத்துப் போங்கள்.

இவை எதுவும் கிடைக்காத இடத்தில் பிளாஸ்மாதான் கைகொடுக்கும். இந்தியாவில் பல காலமாக அதை வைத்துத்தான் சமாளித்திருக்கிறோம். பிளாஸ்மாவில் சி1 இன்ஹிபிட்டர் இருக்கிறது, கூடவே பிராடிகைனினுக்கான மூலப்பொருளும் இருக்கிறது. அதனால் அரிதாகச் சிலருக்கு வீக்கம் கூடிவிடும். ரத்தம் ஏற்றுவதில் உள்ள அலர்ஜி, தொற்று அபாயங்களும் உண்டு. ஆகவே தொண்டை வீக்கத்துக்குப் பிளாஸ்மா ஏற்றுகிற இடத்தில் மூச்சுக்குழாயைக் காக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீங்கிய தொண்டையில் குழாய் இறக்குவது சாதாரண வேலை இல்லை. வழக்கமான அடையாளங்கள் எல்லாம் மறைந்துபோயிருக்கும், தொடத் தொட இன்னும் வீங்கும். நுனியில் கேமரா வைத்த வளையும் குழாயோடு, தேவைப்பட்டால் கழுத்தில் துளை போடத் தயாராக, அனுபவமுள்ளவர் செய்ய வேண்டியது. மூச்சு முட்டும் வரை காத்திருக்கவே கூடாது. குரல் மாறுகிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது, தொண்டையில் கட்டி நிற்பது போல இருக்கிறது என்றால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு குறைந்துவிட்டது போலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருப்பதுதான் சரி. இந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது தொண்டை வீக்கம் வந்திருக்கிறது. கையும் காலும் மட்டும்தானே வீங்குகிறது என்று நினைத்து இருந்துவிட முடியாது.

அடுத்தது டானசோல். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்ததில் தவறு காண நான் வரவில்லை. 1976-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், வெற்று மாத்திரை கொடுத்த 47 சுற்றுகளில் 44-ல் தாக்குதல் வந்தது. டானசோல் கொடுத்த 46 சுற்றுகளில் ஒன்றே ஒன்றில்தான் வந்தது. விலையும் கட்டுப்படியாகும், கடையிலும் கிடைக்கும். நம் நாட்டில் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவது டானசோல், ஸ்டானசோலோல் என்ற இந்த இரண்டு மாத்திரைகளால்தான். ஆனால் இது ஆண் ஹார்மோன் வகை. பெண்களுக்கு முகத்தில் முடி வளரலாம், குரல் கனக்கலாம், மாதவிடாய் தப்பலாம், எடை கூடலாம், முகப்பரு வரலாம். குரல் மாறிவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். நல்ல கொலஸ்ட்ரால் குறையும். நீண்ட காலம் எடுத்தால் கல்லீரலில் கட்டி உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கொலஸ்ட்ராலும் பார்த்துவர வேண்டும். வீக்கத்தைக் கட்டுப்படுத்துகிற மிகக் குறைந்த அளவு எதுவோ அதில் நிறுத்துவதுதான் முறை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போவது நல்லதில்லை.

உங்கள் அக்காவைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட முக்கியமானது கர்ப்பம். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் டானசோல் கூடவே கூடாது, வயிற்றில் இருப்பது பெண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே மாற்றிவிடும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே முன்கூட்டி நிறுத்திவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடியது ரத்தத்திலிருந்து எடுக்கும் சி1 இன்ஹிபிட்டர்தான். கர்ப்பம் வேண்டாம் என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடவே கூடாது, ஈஸ்ட்ரோஜன் இந்த நோயைக் கிளறிவிடும். மாதவிடாயை ஒட்டி வீக்கம் அதிகமாகிறது என்று பல பெண்கள் சொல்வதற்கும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தைத்தான் காரணம் சொல்கிறோம். இதையெல்லாம் நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசத் தயங்குவார்கள். அக்கா தயங்கினால் நீங்களோ அம்மாவோ கூடப் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று, டானசோல் தாக்குதலைத் தடுக்கிற மாத்திரை. வேலை செய்யவே சில நாள் ஆகும். வீக்கம் வந்த பிறகு இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டால் குறைந்துவிடும் என்று சிலர் தாங்களாகவே போட்டுக்கொள்கிறார்கள். அந்த வீக்கத்துக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. டானசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்துப் பார்ப்பதுண்டு. பாதுகாப்பு அதிகம், பலன் குறைவு.

தடுப்பு மருந்துகளில் புதியவை வந்திருப்பது இந்தப் பத்து வருடத்தில்தான். 2018-ல் லனடெலுமாப் என்ற ஊசி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்வது. சோதனையில் தாக்குதல்களை 87 சதவீதம் குறைத்தது. 2020-ல் பெரோட்ரல்ஸ்டாட், தினம் ஒரு காப்ஸ்யூல். 2025-ல் மாதம் ஒருமுறை போடும் கரடாசிமாப். கல்லிக்ரீன் உருவாவதையே கல்லீரலில் நிரந்தரமாகக் குறைக்கும் மரபணுத் திருத்த சிகிச்சையும் சோதனையில் இருக்கிறது. 2021-ல் வந்த உலக வழிகாட்டு நெறிகள் தடுப்புக்கு முதல் இடத்தில் வைத்தது சி1 இன்ஹிபிட்டர், லனடெலுமாப், பெரோட்ரல்ஸ்டாட் ஆகிய மூன்றைத்தான். டானசோல் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டது. ஆனால் லனடெலுமாப் அமெரிக்காவில் வந்தபோது அதன் விலை ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல். மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தும் நோயாளியிடம் அதன் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று டாக்டர் தயங்குகிற நிலை எவ்வளவு கொடுமையானது என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்பதே என் கட்சி. விலை இறங்கும், வேறு நிறுவனங்களும் தயாரிக்கும். ஐகாட்டிபான்டுக்கு 2019-ல் அமெரிக்காவில் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து வந்தது போல மற்றதற்கும் வரும். கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும்.

பணம் கேட்காத சில காரியங்கள் இருக்கின்றன, அவற்றை இந்த வாரமே செய்துவிடலாம். அக்காவின் டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், சி4 மற்றும் சி1 இன்ஹிபிட்டர் அளவுகள், ரத்த வகை, 'அலர்ஜி மருந்துகளுக்குக் கேட்காது, சி1 இன்ஹிபிட்டர் அல்லது ஐகாட்டிபான்ட், இரண்டும் இல்லையென்றால் பிளாஸ்மா' என்ற வரி, டாக்டரின் போன் நம்பர். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், இரவுப் பணி டாக்டர் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மாட்டார். லேமினேட் செய்து பர்ஸில் ஒன்று, மாமாவிடம் ஒன்று, போனில் போட்டோ ஒன்று. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ரத்த வங்கியும் மயக்க மருந்து நிபுணரும் இரவிலும் இருப்பார்கள் என்று பகலில் நேரில் போய் விசாரித்து வையுங்கள். அந்த டாக்டரிடம் கடிதத்தைக் காட்டி முகம் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

பல் பிடுங்குவது, எண்டோஸ்கோபி, ஆபரேஷன் எதுவானாலும் முன்பே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். முடிந்தால் சி1 இன்ஹிபிட்டர், கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் பிளாஸ்மா ஏற்றிவிட்டுச் செய்வார்கள். டானசோல் அளவைச் சில நாள் முன்பிருந்து கூட்டுவதும் உண்டு. பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் போன்று 'ப்ரில்' என்று முடிபவை எதுவும் அக்காவுக்கு ஆகாது. பிராடிகைனினை உடைத்து அப்புறப்படுத்துகிற நொதியை அந்த மாத்திரைகள் தடுத்துவிடும். இப்போது பிரஷர் இல்லையே என்று நினைக்காதீர்கள், கடிதத்தில் இதையும் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

அடுத்த வீக்கம் எப்போது வரும் என்ற பயம் ஒரு தனி நோய். கல்யாணத்துக்கு முதல் நாள் முகம் வீங்கிவிடுமோ, பரீட்சை அன்று வயிறு வலிக்குமோ என்ற கவலையே வீக்கத்தைக் கிளப்பிவிடும், மனஅழுத்தமும் ஒரு தூண்டுகோல். வேலைக்கு அடிக்கடி லீவு போட்டு, நடிக்கிறாள் என்ற பேச்சு வாங்கி, தானே தன்னைச் சந்தேகப்படும் நிலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்காவை ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். தேதி, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, முந்தின நாள் என்ன நடந்தது, என்ன மருந்து, எப்போது வடிந்தது. மூன்று மாதத்தில் ஒரு வடிவம் தெரியும். வீக்கத்துக்கு முன்னால் தோலில் அரிப்பில்லாமல் வளையம் வளையமாகச் செந்நிறக் கோடுகள் தோன்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதுதான் முன்னறிவிப்பு. அதையும் படை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, குழந்தை. அம்மாவிடமிருந்து பிழையுள்ள மரபணு அவளுக்கு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு, வராமல் இருக்கவும் அதே அளவு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. ஒரு வயது தாண்டிவிட்டதால் சி4, சி1 இன்ஹிபிட்டர் அளவு, செயல்திறன் மூன்றையும் இப்போதே பார்க்கலாம், முடிவை நம்பலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பலருக்குப் பத்து வயதுக்குள்ளேயே முதல் வீக்கம் வந்துவிடும், வயதுக்கு வரும் பருவத்தில் கூடும். முதல் வீக்கம் எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது என்று வந்தால் பள்ளிக்கூடத்துக்கும் அதே மாதிரி ஒரு கடிதம் போக வேண்டும், டீச்சரிடம் நேரில் பேச வேண்டும். சாதாரணமாக இருக்கிற பிள்ளைக்கு டானசோல் தேவையில்லை, சிறு பிள்ளைகளுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்போம்.

உங்கள் அப்பா, அம்மா இருவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது, மரபணுப் பிழை அவரிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும். அக்கா அப்படிப்பட்டவரா, இல்லை அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்ததா என்று தெரிந்தால் சித்தி பிள்ளைகளுக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டுமா என்பது முடிவாகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கும் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இதுவரை வீக்கம் வந்ததில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழந்தையை லேபுக்கு அழைத்துப் போகும் அன்றைக்கே நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.